குண்டுத் தக்காளி வேண்டாம்... குட்டித் தக்காளி போதும்!

ரேஷன் கடையில் அரிசி வாங்கியிருப்பீர்கள். சர்க்கரை வாங்கியிருப்பீர்கள். பாமாயிலுக்கு வரிசையில் நின்றிருப்பீர்கள். 2023 ஜூலை மாதம் தமிழ்நாட்டு ரேஷன் கடைகள் சிலவற்றில் இன்னொரு சாமானும் வந்து சேர்ந்தது. தக்காளி! வெளி மார்க்கெட்டில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. கிலோ 60 ரூபாய் என்று அரசாங்கமே தராசு பிடிக்க வேண்டியதாயிற்று.

அந்த மாதம் நம் வீட்டு அடுப்படியில் என்ன நடந்தது? ரசத்தில் தக்காளி குறைந்தது, புளி கூடியது. தொக்கு நின்றே போனது. சரி, நாக்கு பொறுத்துக்கொள்ளும். ஆனால் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, 'பிள்ளைங்களுக்குப் போதுமா, அவங்களுக்குப் போதுமா' என்று பார்த்துப் பார்த்து வைத்துவிட்டு, கடைசியில் வந்து உட்காருகிறாரே அந்த அம்மா... அவர் தட்டில் சோறு இருந்தது. குழம்பு இருந்தது. காய் இருந்ததா?

காய்கறி விலை ஏறினால் முதலில் இளைக்கிற தட்டு அதுதான். இது நான் கற்பனையாகச் சொல்கிற குறை இல்லை. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைகளில் 57.4 சதவீதம். ஊருக்கெல்லாம் சோறு போடுகிற காவிரிப் பாசனப் பகுதியும் இந்தக் கணக்குக்குள்தான் வருகிறது. வயிறு நிறைகிறது, ரத்தம் ஊறவில்லை!

"ரத்தசோகைக்கும் தக்காளிக்கும் என்னங்க சம்பந்தம்? கீரை சாப்பிடச் சொல்லுங்க!" என்பீர்கள்.

கீரை சாப்பிடத்தான் வேண்டும். நம் பக்கத்தில் முருங்கை இல்லாத தெரு உண்டா என்ன? ஆனால் ஒரு சங்கடம். ஆட்டு ஈரலிலும் மீனிலும் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் சேருகிற அளவுக்கு, கீரையிலும் பயறிலும் இருக்கிற இரும்புச்சத்து சேருவதில்லை. அதே வேளைச் சாப்பாட்டில் வைட்டமின் 'சி' கூட இருந்தால் கூடுதலாகச் சேரும். சாப்பிட்டு எழுந்த கையோடு காபியோ டீயோ குடித்தால் குறைந்துபோகும். (தஞ்சாவூர்க்காரரிடம் வந்து காபியைக் குறை சொல்கிறேனே என்று கோபிக்காதீர்கள். காபியே வேண்டாம் என்று சொல்லவில்லை. சாப்பாட்டுக்கும் காபிக்கும் நடுவில் ஒரு மணி நேரம் விடுங்கள், போதும்.)

வைட்டமின் 'சி' சூடு தாங்காது. ரசமாகவும் சாம்பாராகவும் கொதிக்கக் கொதிக்க அது குறைந்துகொண்டே போகும். அப்படியானால் பச்சையாகச் சாப்பிட ஏதாவது வேண்டும். நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் தக்காளியைவிடப் பல மடங்கு வைட்டமின் 'சி' இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் முருங்கைக்கீரைப் பொரியலும் சாம்பார் சாதமும் சாப்பிடும்போது யார் கொய்யாவைக் கடிக்கிறார்கள்? தட்டு ஓரத்தில் ஆறேழு குட்டித் தக்காளி இருந்தால், கை தானாக எடுத்து வாயில் போடும். நூறு கிராம் தக்காளியில் சுமார் 14 மில்லிகிராம் வைட்டமின் 'சி' இருக்கிறது. வளர்ந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 65 மில்லிகிராம். ஐந்தில் ஒரு பங்கு, ஒரே வேளையில், கீரையோடு சேர்ந்தே உள்ளே போகிறது.

உடனே, 'தக்காளி சாப்பிட்டால் ரத்தசோகை ஓடிப்போகும்' என்று எழுதிவிட்டதாக நினைக்காதீர்கள். ஹீமோகுளோபின் குறைவு என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் மாத்திரையைத்தான் சாப்பிட வேண்டும். தக்காளி அதற்கு மாற்று இல்லை, துணை.

இனி என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். காவிரிப் பாசனப் பகுதியில், வெயில் படுகிற மொட்டை மாடியோ கொல்லையோ இருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் நாலு தொட்டி தக்காளி இருக்க வேண்டும். அதுவும் முதன்முதலாகச் செடி வைப்பவர்கள் குண்டுத் தக்காளியைத் தொடவே கூடாது. செர்ரி தக்காளி என்று விற்கிறார்களே, கோலிக்குண்டை விடக் கொஞ்சம் பெரிசாக, கொத்துக் கொத்தாகக் காய்க்குமே, அந்தக் குட்டித் தக்காளியில்தான் கை பழக வேண்டும்.

பணம் மிச்சமாகாது!

முதலில் இதைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். 'வீட்டிலேயே காய்கறி, மாதம் ஆயிரக்கணக்கில் சேமிப்பு' என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பழம் சுமார் 15 கிராம். செடி நன்றாக அமைந்து, நூறு பழம் கொடுத்தால் ஒன்றரைக் கிலோ. நாலு செடிக்கு ஆறு கிலோ. சாதாரண நாளில் கிலோ முப்பது, நாற்பது ரூபாய்க்குக் கிடைக்கிற தக்காளி. தொட்டி, மண், விதை, எரு என்று நீங்கள் செலவழிக்கிற காசு முதல் வருஷத்தில் திரும்பி வராது. குழம்புக்கும் சட்னிக்கும் மார்க்கெட் தக்காளிதான்.

அப்புறம் எதற்கு என்றால், வீட்டில் காய்த்ததைப் பிள்ளைகள் கேட்காமலே தின்கிறார்கள். கடைத் தக்காளியைப் பச்சையாகக் கொடுத்தால் முகத்தைச் சுளிக்கிற அதே பிள்ளை, தான் தண்ணீர் ஊற்றிய செடியில் ஒன்று சிவந்தால் பள்ளிக்கூடப் பையை வைப்பதற்கு முன்னால் மாடிக்கு ஓடும். அம்மாவும் பறிக்கிற இடத்திலேயே நாலைத் தின்றுவிடுவார். பறிமாறுகிற வரிசைக்கு அங்கே வேலையே இல்லை! எனக்கு இதுதான் பெரிய லாபமாகத் தெரிகிறது.

இன்னொன்று, ருசி. நெல் விளைகிற நம் களிமண் வயலில் தண்ணீர் தேங்கி நிற்கும். தக்காளிக்கு வேரில் தண்ணீர் தேங்கினால் ஆகாது. அதனால் ஆற்றோரப் படுகைகளில் வாழையும் வெற்றிலையும் கத்தரியும் வந்த அளவுக்கு இங்கே தக்காளி பெரிய சாகுபடியாக வரவில்லை. ஒட்டன்சத்திரத்திலிருந்தும், கிருஷ்ணகிரியிலிருந்தும், கர்நாடகத்துக் கோலாரிலிருந்தும், ஆந்திரத்து மதனப்பள்ளியிலிருந்தும் லாரி ஏறி வருவதுதான் நமக்குத் தக்காளி. லாரியில் நசுங்காமல் வர வேண்டும் என்றால் முழுசாகப் பழுப்பதற்கு முன்னாலேயே பறித்தாக வேண்டும். தமிழ்நாட்டில் ரொம்ப நாளாகப் பயிராகிற பி.கே.எம். 1 என்ற ரகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தேனிப் பக்கத்து அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்திலிருந்து பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவாக்கியது. காம்புப் பக்கம் பச்சையாக இருக்கும். தூர தேசத்துக்கு அனுப்பினாலும் தாங்கும் என்பதுதான் அதன் பெருமைகளில் ஒன்று. விவசாயிக்கு அது அவசியம், குறை சொல்லவில்லை. ஆனால் மாடியிலிருந்து அடுப்படிக்கு இருபது படிக்கட்டு இறங்குவதற்கு லாரி தாங்கும் பழம் எதற்கு? செடியிலேயே முழுசாகச் சிவக்க விட்டுப் பறித்துப் பாருங்கள். அப்புறம் நீங்களே சொல்வீர்கள்.

ஏன் குட்டி?

2020-ல் ஊரடங்கு வந்தபோது எத்தனை பேர் மாடித் தோட்டம் போட்டார்கள்! 2021-ல் அரசாங்கமும் பைகள், தென்னை நார்க்கழிவு, பல வகை விதைகள் எல்லாம் சேர்த்து மானிய விலையில் மாடித் தோட்டத் தொகுப்பு கொடுத்தது. நல்ல திட்டம்தான். ஆனால் இன்றைக்குத் தெருவில் நடந்துபோய் மாடிகளை அண்ணாந்து பாருங்கள். வெளுத்துப்போன பைகள், அதில் புல்! ஒரே நேரத்தில் கத்தரி, வெண்டை, மிளகாய், தக்காளி எல்லாம் வைக்கிறார்கள். தக்காளிதான் முதலில் காலை வாருகிறது. பூக்கிறது, கொட்டுகிறது. அதோடு மனசும் விட்டுப்போகிறது.

பூ ஏன் கொட்டுகிறது தெரியுமா? தக்காளி, தென் அமெரிக்க மலைப் பக்கத்துச் சரக்கு. பகலில் 35 டிகிரி செல்சியஸை நெருங்கும் வெயிலும், ராத்திரியில் 24, 25 டிகிரிக்குக் கீழே இறங்காத புழுக்கமும் அதற்கு ஒத்துக்கொள்ளாது. மகரந்தம் கெட்டுப்போய்ப் பூ உதிர்ந்துவிடும். தஞ்சாவூர் வெயில் உங்களுக்குத் தெரியும். சித்திரை, வைகாசியில் ராத்திரிகூடப் புழுங்கித் தள்ளும். இந்தச் சூட்டைப் பெரிய பழ ரகங்களைவிடக் குட்டிப் பழ ரகங்கள் கொஞ்சம் கூடுதலாகத் தாங்குகின்றன. பத்துப் பூவில் ஐந்து கொட்டினாலும் மீதி ஐந்து காயாகும். பெரிய ரகத்தில் கொத்துக்கு நாலைந்து பூதான். அது கொட்டினால் முடிந்தது கதை.

தண்ணீர் ஒரு நாள் தப்பினால் பெரிய தக்காளியில் அடிப்பக்கம் கறுத்து அழுகும். சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராததால் வருகிற கோளாறு அது. குட்டிப் பழத்தில் அபூர்வமாகத்தான் வரும். காய் சின்னது என்பதால் சீக்கிரம் பழுக்கும். நாற்று நட்ட இரண்டு, இரண்டரை மாதத்தில் முதல் பழம் கையில். புதிதாகத் தோட்டம் போடுகிறவருக்கு வேண்டியது எருவைவிட இந்த முதல் பழம்தான்!

பேரைக் கேட்டு வெளிநாட்டு ஃபேஷன் என்று ஒதுக்க வேண்டாம். அப்படிப் பார்த்தால் எந்தத் தக்காளியும் வெளிநாட்டுக்காரன்தான். வெள்ளைக்காரர்களோடு கப்பலில் வந்தது. பழைய மனிதர்கள் அதைச் 'சீமைத் தக்காளி' என்று தனியாகப் பிரித்துத்தான் சொன்னார்கள். இன்றைக்கும் பல வீடுகளில் திவசத்துச் சமையலில் தக்காளி கிடையாது, அது 'இங்கிலீஷ் காய்' என்பார்கள். நமக்கு முன்பே இருந்தது மணத்தக்காளி, சொடக்குத் தக்காளி. இரண்டும் குட்டிப் பழங்கள்தான். கொல்லையில் துவைக்கிற கல் ஓரம், தண்ணீர் ஓடுகிற இடத்தில், குருவி போட்ட விதையில் தானே முளைக்கும். கறுத்த மணத்தக்காளிப் பழத்தைப் பிள்ளைகள் பறித்துத் தின்றார்கள். காயை மோரில் ஊறப்போட்டு அப்பாயி வற்றல் போட்டாள். அந்தக் கொல்லைக்கு இன்றைக்கு சிமென்ட் போட்டாச்சு, பைக் நிற்கிறது. குட்டித் தக்காளி வைக்கிற அதே கையோடு ஒரு தொட்டியில் மணத்தக்காளியும் வையுங்கள். அதை வளர்க்கத் தனியாக ஒரு கட்டுரை தேவையில்லை, அதுபாட்டுக்கு வளரும்!

ஆடியில் விதைக்காதீர்கள்

'ஆடிப் பட்டம் தேடி விதை' என்ற பழமொழி மற்ற பயிருக்கெல்லாம் பொருந்தட்டும். நம் பக்கத்து மாடித் தக்காளிக்குப் பொருந்தாது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். ஆடியில் விதைத்தால் ஐப்பசியில் காய்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில்தானே நமக்கு அடைமழை! இலை நனைந்தபடியே இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும், காய் வெடிக்கும். புயலையும் மறந்துவிடக் கூடாது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா கரையேறியபோது பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகளே சாய்ந்தன. மாடித் தொட்டியும் மூங்கில் குச்சியும் எம்மாத்திரம்? காற்று தூக்கி அடுத்த வீட்டுக்காரர் தலையில் போட்டுவிடும்.

கார்த்திகை தீபத்தை ஒட்டி விதையுங்கள். மார்கழிப் பனியில் நாற்று தேறும். தை பிறக்கிற சமயம் தொட்டியில் நட்டுவிட்டால், ராத்திரி குளிர்ச்சி இருக்கிற தை, மாசியில் பூத்துக் காய் பிடிக்கும். மாசிக் கடைசியிலிருந்து பங்குனி முழுக்கப் பழம். சித்திரை வெயில் வந்ததும் பூ கொட்ட ஆரம்பிக்கும். அப்போது போராட வேண்டாம். செடியைப் பிடுங்கி எருக்குழியில் போட்டுவிட்டு, அடுத்த கார்த்திகைக்குக் காத்திருங்கள். நெல்லுக்கே தரிசு விடுகிறோம், தொட்டிக்கு விட்டால் என்ன?

விதை போடப் பெரிய ஏற்பாடு வேண்டாம். அடியில் ஓட்டை போட்ட கொட்டாங்கச்சி போதும். கால் அங்குல ஆழத்துக்கு மேல் விதையைப் புதைக்காதீர்கள். ஐந்து நாளிலிருந்து எட்டு நாளைக்குள் முளைக்கும். முளைத்த அன்றைக்கே வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும். நிழலில் வைத்தால் நூல் மாதிரி நீண்டு சாய்ந்துவிடும். இருபத்தைந்து, முப்பது நாள் நாற்றைப் பிடுங்கி நடும்போது, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டையும் சேர்த்து ஆழமாகப் புதையுங்கள். தக்காளித் தண்டு மண் பட்ட இடத்திலெல்லாம் வேர் விடும்.

தொட்டி ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழம். அடியில் ஓட்டை கட்டாயம். பெயின்ட் வாளி, உடைந்த குடம், சிமென்ட் சாக்கு... எதுவானாலும் சரி. பெயின்ட் வாளியாக இருந்தால் மட்டும் நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு வையுங்கள்.

மண்தான் விஷயம். வயல் மண்ணை அப்படியே அள்ளிக் கொட்டினால் முதல் மாதம் சேறு, அடுத்த மாதம் செங்கல்! 'ஆற்று மணல் மூன்றில் ஒரு பங்கு' என்று எல்லாப் புத்தகத்திலும் எழுதியிருக்கும். நான் அதைச் சொல்ல மாட்டேன். காவிரியையும் கொள்ளிடத்தையும் சுரண்டியது போதாதா? மாடித் தோட்டத்துக்கும் மணல் கேட்க வேண்டுமா? அதற்குப் பதில் நம் ஊரில் இருக்கவே இருக்கிறது உமி. ரைஸ் மில்லில் கருகின உமி கிடைக்கும். தென்னை நார்க்கழிவு கிடைக்கும். ஒரு பங்கு வயல் மண், ஒரு பங்கு நன்றாக மக்கிய தொழு உரம், ஒரு பங்கு கருகின உமியும் நார்க்கழிவும் கலந்தது. மண் பொலபொலவென்று இருக்கும், தண்ணீர் தேங்காது, தொட்டியும் கனக்காது. நார்க்கழிவை மட்டும் இரண்டு மூன்று தடவை தண்ணீரில் அலசிப் பிழிந்துவிடுங்கள். அதில் உப்பு இருக்கும். மேலே ரெண்டு பிடி வைக்கோல் பரப்பிவிட்டால் ஈரம் காயாது.

ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். பங்குனி பிறந்ததும் மாடித் தரை கொதிக்கும். தொட்டிக்கு அடியில் ரெண்டு செங்கல் வையுங்கள். தண்ணீர் காலையில், வேரில். இலையில் அபிஷேகம் செய்ய வேண்டாம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீர் உப்பாக இருக்கிற வீடுகளில், அரிசி கழுவிய தண்ணீரைக் கீழே ஊற்றாமல் செடிக்கு ஊற்றுங்கள். உப்புப் போடாத தண்ணீராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

குட்டித் தக்காளி பழம்தான் குட்டி. செடி ஆள் உயரத்துக்குப் போகும்! சவுக்குக் குச்சியோ மூங்கிலோ நட்டுத் துணிக் கிழிசலால் தளர்வாகக் கட்டுங்கள். இலைக் கக்கத்தில் முளைக்கும் பக்கக் கிளைகளைச் சிறிசாக இருக்கும்போதே கிள்ளி, ரெண்டு தண்டு மட்டும் மேலே போக விடுங்கள். பூத்ததும் காலை நேரத்தில் பூங்கொத்தை விரலால் லேசாகத் தட்டிவிட்டால், காற்று அடிக்காத மாடியிலும் காய் பிடிக்கும்.

இலை சுருண்டு, சிறுத்து, செடி குட்டையாக நின்றுவிட்டால் அது வைரஸ். வெள்ளை ஈ பரப்புகிறது. அதற்கு மருந்தில்லை. 'பாவம், பார்ப்போமே' என்று வைத்திருந்தால் மற்ற மூன்றும் போகும். பிடுங்கி எறியுங்கள். ஈ வராமலிருக்க, ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து வாரம் ஒரு முறை சாயந்திரத்தில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிக்கலாம். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டாலும் ஒட்டிக்கொள்ளும்.

உரத்துக்குப் பஞ்சகவ்யம் தெளிக்கச் சொல்வார்கள். காவிரிக் கரைக் கொடுமுடியைச் சேர்ந்த டாக்டர் நடராஜன் பயிருக்கென்று பக்குவப்படுத்திப் பரப்பியது. தஞ்சை மாவட்டத்து இளங்காட்டில் பிறந்த நம்மாழ்வார், 2013 டிசம்பரில் மறையும் வரை ஊர் ஊராகப் போய் இயற்கை வேளாண்மையைப் பேசினாரே, அவர் பேச்சைக் கேட்டவர்கள் பலரும் இன்று இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். செடிக்கு நல்லது என்பதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் இது பச்சையாகத் தின்கிற பழம். சாணமும் கோமியமும் சேர்ந்ததைப் பழத்தின் மேல் தெளிப்பதை ஆரோக்கியப் பத்திரிகையில் எழுதுகிற நான் ஒப்புக்கொள்ள முடியாது. காய் பிடிக்கும் வரை சரி. அதற்குப் பிறகு வேரில் மட்டும் ஊற்றுங்கள். பச்சைச் சாணமும் வேண்டவே வேண்டாம், மாதக்கணக்கில் மக்கிய எருதான். பறித்ததைக் கழுவாமல் வாயில் போடாதீர்கள்.

ஆரோக்கியம் என்ற பேச்சு வந்துவிட்டதால், தோட்டப் புத்தகங்களில் இல்லாத சில சங்கதிகள்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கிறீர்களா? டெங்கு கொசு முட்டையிட இதைவிட நல்ல இடம் அதற்குக் கிடைக்காது. ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். தட்டே வேண்டாம். வைத்தே ஆக வேண்டும் என்றால் வாரம் ஒரு தடவை கொட்டி, விளிம்பைத் தேய்த்துக் கழுவுங்கள். தேய்க்க வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒட்டியிருக்கும் முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குக் குட்டித் தக்காளியை முழுசாகக் கொடுக்காதீர்கள். உருண்டை, வழுவழுப்பு, தொண்டையின் அளவுக்குச் சரியாக இருக்கும் பழம். மூச்சுக் குழாயை அடைத்துவிடும். நீளவாக்கில் நான்காக வெட்டிக் கொடுங்கள். செடியில் பறித்துத் தானே வாயில் போடுகிற வயசுப் பிள்ளை என்றால் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். பல் இல்லாத தாத்தாவுக்கும் இதே சட்டம்தான்.

"தக்காளி விதை கிட்னியில கல்லாயிடும்" என்று சொல்லாத வீடு இல்லை. விதை எங்கேயும் போய்க் கல்லாவதில்லை. அது வயிற்று வழியாக வந்து வெளியே போய்விடும். கல்லுக்குக் காரணமாகச் சொல்லப்படும் ஆக்ஸலேட்டும் தக்காளியில் குறைவுதான். நம் வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடிப்பதுதான் பெரிய வில்லன். ஆனால் சிறுநீரகமே பழுதடைந்து டாக்டர் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால், அவரைக் கேட்காமல் தக்காளியை அளவில்லாமல் சாப்பிடக் கூடாது. நெஞ்செரிச்சல்காரர்கள் வெறும் வயிற்றில் வேண்டாம். சர்க்கரைக்காரர்கள் பயப்பட வேண்டாம், நூறு கிராமில் 18 கலோரிதான். தக்காளியின் சிவப்புக்குக் காரணமான லைக்கோபீன், எண்ணெயில் வதக்கினால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். ஆக, பச்சையாகவும் சாப்பிடலாம், தொக்காகவும் சாப்பிடலாம். இலையைக் கீரை என்று நினைத்துச் சமைத்துவிட வேண்டாம், உடம்புக்கு ஆகாது.

மாடிக்குத் தண்ணீர்க் குடம் தூக்குவது யார் என்பதையும் முதலிலேயே பேசி முடிவு பண்ணிவிடுங்கள். முழங்கால் வலியோடு இருக்கிற அம்மா தலையில் இந்த வேலையும் விழுந்தால், அவருக்காக வைத்த தோட்டம் அவருக்கே வினையாகிவிடும். ஒரு பிளாஸ்டிக் ஹோஸ் வாங்கிப் போடுங்கள், அல்லது அப்பாவும் பையனும் தூக்கட்டும். மண்வேலையில் துருப்பிடித்த கம்பியோ ஓடோ கிழித்துவிட்டால் டெட்டனஸ் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

கடைசியாக விதை. பாக்கெட்டில் 'எஃப்-1' அல்லது 'ஹைப்ரிட்' என்று போட்டிருந்தால், அதன் பழத்து விதையில் முளைப்பது தாய்ச்செடி மாதிரி இருக்காது. ஆண்டுதோறும் பாக்கெட் வாங்க வேண்டியதுதான். நாட்டு விதை, அதாவது வழிவழியாக ஒரே மாதிரி வருகிற விதை எனக் கேட்டு வாங்கினால், அடுத்த வருஷம் கடைக்குப் போக வேண்டாம். நன்றாகப் பழுத்த பழத்தைப் பிதுக்கி, கொஞ்சம் தண்ணீரில் ரெண்டு மூன்று நாள் புளிக்க விடுங்கள். விதையைச் சுற்றியுள்ள வழவழப்பு கரைந்துவிடும். அலசி, தட்டில் பரப்பி, நிழலில் காயவைத்து, காகித உறையில் போட்டு வருஷத்தை எழுதி வையுங்கள். மூன்று, நாலு வருஷம் முளைக்கும்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரங்கத்தில் 'நெல்' ஜெயராமன் நெல் திருவிழா நடத்தியபோது ஒரு கணக்கு வைத்திருந்தார். ரெண்டு கிலோ பாரம்பரிய நெல் விதை வாங்கிப் போகிற விவசாயி, அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அப்படித்தான் அழிந்துகொண்டிருந்த நெல் ரகங்கள் ஊர் ஊராகப் பரவின. 2018 டிசம்பரில் அவர் மறைந்தார். தக்காளிக்கு அந்தக் கணக்கை வைத்துப் பாருங்களேன். ஒரு குட்டிப் பழத்திலேயே எதிர்வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் போதுமான விதை இருக்கிறது. வரும் கார்த்திகைக்கு முன்னால் பத்துப் பத்தாக எண்ணி, பொட்டலம் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். தீபத்துக்குப் பொரி உருண்டை கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள் அல்லவா, அதோடு ஒரு பொட்டலத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.